நீர்மேல் நின்ற நகரம்

சரித்திரத்தை ஏட்டிலே படிப்பது ஒன்று. அது நிகழ்ந்த மண்ணிலே நின்று படிப்பது மற்றொன்று. மண் என்று சொன்னோம். ஆனால், இங்கே நாம் கூறப்புகும் நகரத்துக்கு மண் என்பதே அரிய பொருள். சேற்றிலே மரத்தை நாட்டி, மரத்தின்மேற் கல்லை அடுக்கி, கல்லின்மேல் மாளிகை எழுப்பி, ஆயிரம் ஆண்டுக்கு மேலாகத் தன்னரசு செலுத்திய நகரம் அது. இத்தாலி தேசத்தின் வடகீழ்க் கரையிலே, அத்திரியாத்திக் கடலின் தலைமாட்டிலே கிடக்கும் வெனிஸ் மாநகரமே அஃது.

அந்நகரையும் அதனையடுத்த தீவுகள் மூன்றையும் ஒரு பகற்பொழுதிலே சுற்றிக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஒரு நாளிலே ஒரு நகரத்தை அறிந்துவிட்டோம் என்று கூறுதல் பேதைமையாகும். எனினும், வழிகாட்டியாக வந்த முதிய அம்மையார் அவ்வூரிலே பிறந்து அவ்வூரிலே வளர்ந்தவர். பழங்கதையும் இன்றைய நிலையும் ஒருங்கே அறிந்தவர். அவர் காட்டியவற்றையும், நாம் முன்னர் ஏடுகளிற் படித்தவற்றையும் சேர்த்து, நம் சங்கத்து வாலிப அன்பர்களுக்கும் பெரியோருக்கும் பயன்படுமென்று இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

களப்பிலே குடியேறியோர்

மட்டக்களப்பையும் யாழ்ப்பாணக் கடனீரேரியையும் அறிந்த நமக்குக் களப்பு என்றால் என்னவென்று விளக்கவேண்டியதில்லை. வெனிசுக் களப்பு ஏறத்தாழ 550 சதுரக் கிலோமீற்றர் பரப்புடையது. நீண்ட மணற்றிட்டுகள் அதனைக் கடலினின்றும் பிரிக்கின்றன. மூன்று வாய்களால் கடல்நீர் நாளும் உள்ளே புகுந்து வெளியே செல்கின்றது. அதன் நடுவே 118 சிறு தீவுகளின்மேல் நகரம் அமைந்துள்ளது. தீவுக்குத் தீவு பாலம். பாலங்களின் தொகை 400க்கு மேல். தெருவிலே வண்டியில்லை. நோயாளியைக் கொண்டுசெல்வதும், சரக்கை இறக்குவதும், குப்பையை அள்ளுவதும், இறந்தவரை இடுகாட்டுக்கு எடுத்துச் செல்வதும் ஓடத்திலேதான்.

இவ்வளவு இடர் நிறைந்த இடத்தில் மனிதர் ஏன் குடியேறினர்? அச்சமே காரணம். ரோமப் பேரரசு தளர்ந்த காலத்திலே வடக்கிருந்து படைமேற் படையாக வந்தன. 452ஆம் ஆண்டில் ஹூணர் தலைவன் அத்திலா வட இத்தாலியைச் சூறையாடினான். பின்னர், 568ஆம் ஆண்டு தொடக்கம் இலம்பார்தியர் புகுந்தனர். பெருநிலத்து மக்கள் குதிரைப்படை எட்டாத சேற்றுத் தீவுகளை நாடினர். முதலில் மீனும் உப்புமே அவர்தம் செல்வம். உப்பை விற்கப் படகு வேண்டும். படகு பெருகவே வர்த்தகம் பெருகிற்று. வர்த்தகம் பெருகவே அரசு பிறந்தது. பகைவருக்கு ஒளித்த மக்கள் கடலுக்குத் தலைவராயினர்.

மாளிகைகள் எவ்வாறு நிற்கின்றன என்று பலரும் வினவுவர். மலைநாட்டுக் காடுகளிலிருந்து கொணர்ந்த மரக்குற்றிகளை நெருக்கமாகச் சேற்றுள் இறுக்கி, அவற்றின்மேற் பலகையும், பலகையின்மேல் உப்புநீர் அரிக்காத இஸ்திரியாக் கல்லும் பரப்பிச் சுவரெழுப்பினர். காற்றுப் புகாத சேற்றினுள்ளே மரம் எளிதில் உக்குவதில்லை. கண்ணுக்குப் புலப்படும் நகரம் கல்லாலானது. அதனைத் தாங்குவதோ கண்ணுக்குப் புலப்படாத காடு.

குடிநீருக்கும் ஒரு சூழ்ச்சி செய்தனர். சுற்றிலும் உப்புநீர். எனவே ஒவ்வொரு முற்றத்தின் கீழும் களிமண்ணாலே தொட்டி கட்டி, அதனுள் மணலை நிரப்பி, நடுவே ஒரு கிணறு அமைத்தனர். பெய்யும் மழை கல்லின் துளைகள் வழியே இறங்கி, மணலிலே வடிந்து, கிணற்றிற் சேரும். பெருநிலத்திலிருந்து குழாய்நீர் வந்த 1884ஆம் ஆண்டு வரையும் இக்கிணறுகளே நகரின் உயிர். அவற்றின் கல்வாய்கள் இன்றும் முற்றங்களிலே நிற்கின்றன, மூடியிட்டிருக்கின்றன.

புனித மார்க்கின் சதுக்கம்

காலையிலே நாம் முதலிற் கண்டது புனித மார்க்கின் சதுக்கம். ஆலயத்தின் ஐந்து கவிமாடங்களும், பொற்றகட்டுச் சித்திரங்களும் ஞாயிற்றொளியிற் சுடர்விட்டன. ஆயின், இவ்வாலயத்தின் தொடக்கம் ஒரு களவிலே இருக்கின்றது. 828ஆம் ஆண்டில் வெனிசு வர்த்தகர் இருவர் அலெக்சாந்திரியாவிலிருந்து புனித மார்க்கின் திருவுடலைக் கவர்ந்து வந்தனர் என்பது வரலாறு. சுங்கக்காரர் தொடாதிருக்கும் பொருட்டுப் பன்றியிறைச்சியின் கீழே ஒளித்தனர் என்பது அவ்வூர் வழங்கும் கதை. இப்போதுள்ள ஆலயத்தின் கட்டுவேலை 1063ஆம் ஆண்டளவிலே தொடங்கிற்று.

வாயிலின்மேல் நான்கு வெண்கலக் குதிரைகள் நிற்கின்றன. நாம் வெளியே காண்பவை படிமங்கள். மூலக் குதிரைகள் உள்ளே காட்சிசாலையிலே காக்கப்படுகின்றன. அவை கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரிலிருந்து வந்தவை. 1204ஆம் ஆண்டிலே நான்காம் சிலுவைப்போர்ப் படை, முஸ்லிம்களோடு பொருதப் புறப்பட்டு, வழிமாறித் தன் சமயத்தாரின் நகரையே கொள்ளையிட்டது. அப்படைக்குக் கப்பல் கொடுத்ததும் கொள்ளையிற் பங்கு கொண்டதும் வெனிசு. முன்னின்றவர் கட்பார்வை இழந்த முதியவரான தலைவர் என்றிக்கோ தாந்தொலோ. பிறர் பொருளைக் கவர்ந்தோர் தம் பொருளையும் இழப்பர் என்பதற்கு இக்குதிரைகளே சான்று. 1797ஆம் ஆண்டில் நெப்போலியன் அவற்றைப் பாரிசுக்குக் கொண்டுசென்றான். 1815ஆம் ஆண்டிலேதான் அவை மீண்டன.

சதுக்கத்தின் உயர்ந்த மணிக்கோபுரம் பழையது போலத் தோன்றும்; உண்மையில் அது 1912ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. பழைய கோபுரம் 1902ஆம் ஆண்டு யூலை 14ஆந் தேதி காலையில் நொறுங்கி விழுந்தது. மனிதர் ஒருவரும் மாளவில்லை. எங்கே நின்றதோ அங்கேயே, எவ்வாறு நின்றதோ அவ்வாறே மீண்டும் கட்டுவோம் என்று நகரத்தார் உறுதி பூண்டனர். பத்தாண்டுக்குள் அதனை நிறைவேற்றினர்.

குடியரசும் அதன் காவலும்

ஆலயத்தை ஒட்டி நிற்பது தலைவர் மாளிகை. வெனிசுக்கு முடியரசன் இல்லை. தோஜே எனப்படும் தலைவர் வாழ்நாள் முழுவதும் பதவியில் இருப்பார். ஆனால், மகனுக்குப் பட்டம் சூட்ட முடியாது. 1268ஆம் ஆண்டில் வகுத்த தேர்தல் முறை வியப்புக்குரியது. சீட்டுப்போட்டுச் சிலரை எடுப்பர். அவர் வேறு சிலரைத் தெரிவர். அவருட் சிலரை மீண்டும் சீட்டால் எடுப்பர். இவ்வாறு பலமுறை மாறி மாறி நடந்த பின்னரே தலைவர் தெரிவாவார். சூழ்ச்சிக்கும் கட்சிக்கும் இடமில்லாமற் செய்யவே இத்தனை சுற்று. வாக்களிப்பைக் குறிக்கும் 'பலற்' என்ற ஆங்கிலச் சொல்லும், இத்தாலியர் இதற்குப் பயன்படுத்திய சிறு உருண்டையின் பெயரிலிருந்தே பிறந்தது.

இதனைக் கேட்டு மக்களாட்சி என்று மயங்குதல் கூடாது. 1297ஆம் ஆண்டிலே பெருஞ்சபையின் கதவு சில குடும்பங்களுக்கன்றிப் பிறருக்கு அடைபட்டது. 1310ஆம் ஆண்டு முதல் பதின்மர் சபை இரகசியமாக விசாரித்து இரகசியமாகத் தண்டித்தது. சுவரிலே சிங்கமுகம் செதுக்கி, அதன் வாயிலே முறைப்பாட்டுக் கடிதம் இடுவதற்குத் துவாரம் விட்டிருக்கின்றனர். அதன் முன்னே நின்றபோது, அயலவன் மீது பொறாமை கொண்ட எத்தனை கைகள் அத்துவாரத்தைத் தேடி வந்தனவோ என எண்ணி நெஞ்சம் நடுங்கிற்று.

பெருஞ்சபை மண்டபத்தின் சுவரைச் சுற்றித் தலைவர்களின் உருவப்படங்கள் உள்ளன. ஓரிடத்தில் மட்டும் படமில்லை. கரிய திரை ஒன்றே வரையப்பட்டுள்ளது. மரினோ பலியேரோ என்ற தலைவர் குடியரசைக் கவிழ்த்துத் தாமே அரசராக முயன்று, 1355ஆம் ஆண்டில் தலை வெட்டுண்டார். அவருக்குரிய இடமே அது. தலைவரும் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவரே என்று சொல்ல, நூறு பக்கத்து நூலினும் அக்கரிய திரை ஒன்றே போதும்.

மாளிகையின் முன்னே கால்வாயின் அக்கரையில் வெண்ணிறமான ஒரு பேராலயம் தோன்றியது. 1630, 1631ஆம் ஆண்டுகளிலே கொள்ளைநோய் நகரில் 46,000 பேர் வரையில் உயிர் குடித்தது. நோய் நீங்கினாற் கோயில் கட்டுவோமென்று நகரத்தார் நேர்ந்தனர், கட்டினர். இன்றும் ஆண்டுதோறும் நவம்பர் 21ஆந் தேதி மக்கள் மிதவைப் பாலத்தின் மேலே நடந்து சென்று அங்கே மெழுகுதிரி ஏற்றுகின்றனர். நேர்த்திக்கடன் என்பது எத்தேசத்து மாந்தர்க்கும் பொதுவான நெஞ்சுணர்ச்சி போலும்.

கொள்ளைநோய்க்கு மருந்தறியாத அக்காலத்திலே அவர்கள் வேறொரு வழியும் கண்டனர். 1423ஆம் ஆண்டில் களப்பின் தீவொன்றை நோயாளருக்கென ஒதுக்கினர். நோயுள்ள துறைகளிலிருந்து வந்த மரக்கலங்களையும் மாந்தரையும் நாற்பது நாள் விலக்கி வைத்தனர். நாற்பது என்ற அவர்தம் சொல்லிலிருந்தே 'குவாரன்டைன்' என்ற சொல் உலகெங்கும் பரந்தது. மண்டபம் முகாமிலே தடுத்துவைக்கப்பட்டு இலங்கை வந்த மலைநாட்டுத் தொழிலாளரின் பாட்டன் பாட்டியர், அச்சொல்லின் பாரத்தைத் தம் உடலாலே அறிந்தவர்.

விற்காத மாணிக்கம்

குறுகிய சந்துகள் வழியே ரியாற்றோவை நோக்கி நடந்தோம். இடையிலே ஒரு சிறு முற்றம். மார்க்கோ போலோவின் குடும்பத்தார் வாழ்ந்த இடம் இதுவே என்றார் அம்மையார். நமக்கு உடல் சிலிர்த்தது. ஏனெனில், நம் நாட்டைப் பற்றி எழுதிச்சென்ற மேனாட்டாருள் அவர் முதன்மையானவர்.

1254ஆம் ஆண்டிற் பிறந்த அவர், 1271ஆம் ஆண்டிற் புறப்பட்டுச் சீனம் சென்று, குப்ளாய் கானின் அவையிற் பல்லாண்டு பணிபுரிந்து, கடல்வழியாக 1295ஆம் ஆண்டில் ஊர் மீண்டார். பின்னர் ஜெனோவா நகரத்தாரிடம் சிறைப்பட்டபோது, உடனிருந்த ஒருவரிடம் தம் யாத்திரையைச் சொல்லி எழுதுவித்தார். அந்நூலிலே இலங்கையும் உண்டு, மாபார் என்று அவர் அழைக்கும் பாண்டிநாடும் உண்டு, முத்துக்குளிப்பும் உண்டு. பாண்டிநாட்டரசன் 104 முத்தும் மாணிக்கமும் கோத்த பட்டுக்கயிற்றைக் கழுத்தில் அணிந்து, நாடோறும் அத்தனை முறை வழிபாட்டு மொழி கூறுவான் என்கிறார். செபமாலையின் எண்ணிக்கையில் அவர் சற்றுத் தவறினாரேனும், நம்மவர் வழக்கத்தை அவர் கூர்ந்து நோக்கினார் என்பது தெளிவு.

இலங்கை வேந்தனிடம் உலகிற் சிறந்த மாணிக்கம் ஒன்று இருந்ததென்றும், அதன் விலையாக ஒரு நகரத்தின் பெறுமதியையே தருவதாகக் குப்ளாய் கான் தூதனுப்பினானென்றும், முன்னோர் விட்டுச்சென்ற பொருளை உலகமே தரினும் விற்கேன் என்று வேந்தன் மறுத்தானென்றும் அவர் எழுதுகின்றார். அவர் எழுதியவை யாவும் நேரிற் கண்டவையல்ல, கேட்டனவும் உண்டு. ஆயினும், இக்கதை அன்று முழுவதும் நம் நினைவைவிட்டு நீங்கவில்லை. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

மிளகும் கறுவாவும்

ரியாற்றோப் பாலம் 1588 முதல் 1591 வரை கட்டப்பட்டது. தூணின்றி ஒரே கல்வளைவாகப் பெருங்கால்வாயைத் தாண்டுகின்றது. இப்பாலத்தின் அயலே ஒருகாலத்தில் ஐரோப்பாவின் மிளகு விலை தீர்மானிக்கப்பட்டது. மலையாளக் கரை மிளகும், ஈழத்துக் கறுவாவும் அராபியர் மரக்கலங்களிற் செங்கடல் சேர்ந்து, ஒட்டகத்தின் முதுகேறி அலெக்சாந்திரியாவை அடையும். அங்கிருந்து வெனிசுக் கப்பல்கள் ஏற்றி வரும். களப்பின் தென்கோடியிலுள்ள கியோஜா ஊரவரான நிக்கொலோ தெ கொந்தி, 15ஆம் நூற்றாண்டிலே இலங்கைக்கு வந்து கறுவா மரத்தைக் கண்டு அதன் இயல்பை விரித்துரைத்தார்.

1498ஆம் ஆண்டில் வாஸ்கோ ட காமா ஆபிரிக்காவைச் சுற்றிக் கள்ளிக்கோட்டைக்கு வந்தான். அச்செய்தி ரியாற்றோவை எட்டியபோது வர்த்தகர் கலங்கினர். வெனிசு உடனே விழுந்துவிடவில்லை. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே செங்கடல் வழி மீண்டும் உயிர்பெற்றது. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கீழ்க்கடலில் வலுப்பெற்ற பின்னரே பழைய வாணிகம் அழிந்தது. வெனிசுக்கு வர்த்தகத்தை இழப்பித்த அதே கடல்வழிதான் 1505ஆம் ஆண்டிலே போர்த்துக்கீசரை இலங்கைக்குக் கொணர்ந்தது. 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசின் சுதந்திரத்தையும் பறித்தது. ஓர் ஊரின் கடைத்தெருவிலே நேர்ந்த கவலையும், ஏழு கடலுக்கு அப்பால் நேர்ந்த வீழ்ச்சியும் ஒரே கயிற்றின் இரு முனைகள்!

அடைத்த வாயில்

அங்கிருந்து வடமேற்கே நடந்து, யூதர் குடியிருப்பை அடைந்தோம். 1516ஆம் ஆண்டிலே வெனிசு அரசு, யூதர் யாவரும் பழைய வார்ப்படச்சாலை இருந்த ஒரு சிறு தீவிலே வாழவேண்டுமென்று கட்டளையிட்டது. வார்ப்படச்சாலையைக் குறித்த 'கெற்றோ' என்ற சொல்லே பின்னர் உலகெங்கும் ஒதுக்கப்பட்டோர் சேரிக்குப் பெயராயிற்று. இரவிலே வாயில் பூட்டப்படும். காவலருக்குரிய கூலியையும் பூட்டப்பட்டவரே கொடுக்கவேண்டும். வெளியே செல்வோர் மஞ்சள் அடையாளம் தரிக்கவேண்டும். இடம் போதாமையால் வீடுகள் ஏழெட்டு மாடியாக உயர்ந்தன. எனினும், பிற நாடுகளிலிருந்து துரத்தப்பட்ட யூதர் இங்கே உயிரோடு வாழ்ந்தனர், ஐந்து தொழுகைக்கூடங்கள் எழுப்பினர், நூல்கள் அச்சிட்டனர்.

1797ஆம் ஆண்டிலே நெப்போலியனின் படை வந்தபோது வாயிற் கதவுகள் எரிக்கப்பட்டன. ஆனால், 1943, 1944ஆம் ஆண்டுகளில் நாசிகள் வந்தனர். இருநூறுக்கு மேற்பட்ட வெனிசு யூதர் கொண்டுசெல்லப்பட்டனர். மீண்டோர் மிகச் சிலரே. முற்றத்துச் சுவரிலே அவர்கள் நினைவாக வெண்கலச் சித்திரங்கள் பதித்துள்ளனர். அங்கே நாம் எவரும் பேசவில்லை. ஒரு சிறுபான்மையினரைச் சுவருக்குள் வைப்பதை ஒரு தலைமுறை சட்டமாக்கினால், அதனைப் பின்வருந் தலைமுறை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை அறிய விரும்புவோர் அவ்விடம் சென்று நிற்றல் வேண்டும்.

மூன்று தீவுகள்

நண்பகலின் பின் வடகரைத் துறையிலே இயந்திரப் படகேறினோம். சிறிது தூரத்திலே செங்கற் சுவர் சூழ்ந்த புனித மிக்கேல் தீவு. நகரத்தாரின் இடுகாடு அது. அதனைத் தாண்டி மூரானோவை அடைந்தோம்.

மூரானோ கண்ணாடிக்குப் பேர்போனது. நகரின் வீடுகள் பல மரத்தாலான காலத்திலே உலைத்தீ பரவும் என்றஞ்சி, 1291ஆம் ஆண்டில் கண்ணாடி உலைகளை இத்தீவுக்கு மாற்றினர். தொழிலாளருக்கு மதிப்பு மிகுதி. ஆனால், தொழிலின் மறைபொருளோடு பிறதேசம் செல்லத் தடை. 15ஆம் நூற்றாண்டின் நடுவிலே பளிங்குபோல் நிறமற்ற கண்ணாடியை இவர்கள் ஆக்கினர். தடையை மீறி, 17ஆம் நூற்றாண்டிலே பிரான்சு அரசு ஆசைகாட்டிச் சில தொழிலாளரை அழைத்துக்கொண்டது. மறைபொருள் வெளியேறிற்று. ஓர் உலையின் முன்னே நின்றோம். தொழிலாளி உருகிய கண்ணாடியைக் குழாயின் நுனியிலெடுத்து ஊதி, குறட்டால் இழுத்து, சிறுபொழுதில் ஒரு குதிரையை ஆக்கினார். வெளியே கடைகளில் அடுக்கியிருப்பவை எல்லாம் இத்தீவிலே பிறந்தனவல்ல என்றும், மூரானோவின் பெயரைச் சூடிய போலிகள் பிறநாட்டிலிருந்து வருகின்றன என்றும் அம்மையார் வருந்திக் கூறினார்.

அடுத்தது புரானோ. மீனவர் தீவு. வீடுகள் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை எனப் பல வண்ணம். கோயிலின் மணிக்கோபுரம் கண்ணுக்குத் தெரியச் சாய்ந்து நிற்கின்றது. இத்தீவின் புகழ் ரேந்தை. தென்னிலங்கைக் கரையிலே தலையணைமேற் கட்டைகளை ஓட்டிப் பின்னும் ரேந்தை வேறு. இங்கே ஊசியும் நூலுமே கருவி. ஐரோப்பிய அரசர் கழுத்துப்பட்டிகளை இது அலங்கரித்தது. குடியரசு வீழ்ந்த பின் இத்தொழிலும் வீழ்ந்தது. 1872ஆம் ஆண்டில், கடுங்குளிரால் மீன்பிடி நின்று தீவு பசியில் வாடியபோது, பழைய பின்னலை மீண்டும் பயிற்ற நினைத்தனர். தேடிப்பார்த்தால், அதனை முற்றும் அறிந்தவர் ஒரே ஒரு மூதாட்டி! சென்சியா ஸ்கார்ப்பரியோலா என்று ஊரார் அழைத்த அவரிடம் ஆசிரியை ஒருவர் கற்று, பிள்ளைகளுக்குக் கற்பித்தார். பள்ளி ஒன்று எழுந்தது. கைத்தொழில் மீண்டும் தழைத்தது. அப்பள்ளியும் 1970 அளவில் மூடப்பட்டு, இன்று காட்சிசாலையாக உள்ளது. முதுமகளிர் சிலர் இன்னும் பின்னுகின்றனர். ஒரு கலை முழுவதும் ஒரு கிழவியின் விரல்நுனியிலே தங்கியிருந்த அந்த ஆண்டினை எண்ணிப்பாருங்கள். அவர் ஈராண்டு முன்னே கண்மூடியிருப்பின் என்னாகும்?

மூன்றாவது தொர்ச்செல்லோ. இதனைக் காணவே நாம் பெரிதும் விரும்பினோம். களப்பிலே வெனிசுக்கும் முன்னே சிறந்திருந்த ஊர் இது. இதன் பேராலயம் 639ஆம் ஆண்டிலே தொடங்கியதென்று கல்வெட்டுக் கூறுகின்றது. மேற்குச் சுவர் முழுவதும் இறுதித் தீர்ப்பின் கோலம். கிழக்கே பொன்வெளியின் நடுவிலே கன்னிமரியாள் தனித்து நிற்கின்றாள். பிறசமயத்தார் கோயிலாயினும் அவ்விடத்தில் நம் கைகள் தாமே குவிந்தன.

ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த இத்தீவிலே இன்று நிலையாக வாழ்வோர் பத்துப் பன்னிரண்டு பேர் மாத்திரமே. பகைவர் எவரும் இதனை அழிக்கவில்லை. ஆறுகள் கொணர்ந்த வண்டல் கால்வாய்களைத் தூர்த்தது, நீர் தேங்கிற்று, நுளம்பு பெருகிற்று, மலேரியாக் காய்ச்சல் பரவிற்று. வல்லார் வெனிசுக்குக் குடிபெயர்ந்தனர். எஞ்சிய மாளிகைகளின் கற்களையும் வெனிசார் பெயர்த்துச் சென்று தம் வீடுகளுக்கு இட்டனர். இன்று புல்வெளியும், கால்வாயும், ஓரிரு ஆலயங்களும், ஒரு கல்லாசனமுமே மிச்சம்.

தொர்ச்செல்லோவின் முடிவைக் கண்ட வெனிசு விழித்துக்கொண்டது. நீர்நிலைக்கென்று தனி அதிகாரிகளை நியமித்தது. பிரெந்தா, சீலே, பியாவே முதலிய ஆறுகளைப் பல தலைமுறை உழைப்பால் திசைதிருப்பி, களப்புக்கு வெளியே கடலிற் சேர்த்தது. பகைவரை வெல்வதினும் வண்டலை வெல்வதே பெரிதென்று அறிந்த அரசு அது.

இன்றைய இடர்

அவ்வரசு 1797ஆம் ஆண்டு மே 12ஆந் தேதி முடிந்தது. நெப்போலியனின் மிரட்டலுக்கு அஞ்சிய பெருஞ்சபை தன்னைத் தானே கலைத்தது. பின்னர் ஒஸ்திரியர் ஆட்சி. 1866ஆம் ஆண்டு முதல் இத்தாலியின் பகுதி. 1846ஆம் ஆண்டில் புகைவண்டிப் பாலமும், 1933ஆம் ஆண்டில் வீதிப் பாலமும் நகரைப் பெருநிலத்தோடு இணைத்தன.

கடல் இன்று மீண்டும் வாயிலைத் தட்டுகின்றது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பெருநிலத்துத் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை இறைத்தமையால் நிலம் தாழ்ந்தது. கடல்மட்டமோ உயர்ந்து வருகின்றது. 1966ஆம் ஆண்டு நவம்பர் 4ஆந் தேதி வெள்ளம் 194 சதமமீற்றர் உயர்ந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் தேதி 187. மூன்று கடல்வாய்களிலும் 78 இரும்புக் கதவுகளை நீரடியிலே கிடத்தி, வேண்டியபோது எழுப்பும் பெருந்திட்டம் 2003ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. ஐந்நூறு கோடி யூரோவுக்கு மேல் விழுங்கிய அத்திட்டத்தின் ஊழல் 2014ஆம் ஆண்டிற் பலரைச் சிறைக்கு அனுப்பியது. எனினும், 2020ஆம் ஆண்டு ஒற்றோபர் 3ஆந் தேதி அக்கதவுகள் எழுந்து, முதன்முறையாக உயர்நீரைத் தடுத்து நகரைக் காத்தன.

கடலைத் தடுக்கக் கதவு உண்டு. ஊரை விட்டுப் போகும் மக்களைத் தடுக்கக் கதவு உண்டோ? 1951ஆம் ஆண்டில் இத்தீவு நகரிலே ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022ஆம் ஆண்டில் அத்தொகை 50,000க்குக் கீழே இறங்கிற்று. ரியாற்றோவின் அயலே ஒரு மருந்துக்கடையின் சாளரத்தில் 2008ஆம் ஆண்டு முதல் மக்கட்டொகையைக் காட்டும் பலகை ஒன்று உண்டு. ஆண்டுக்காண்டு இலக்கம் குறைவதையே அது காட்டிவந்தது. காண வருவோரோ ஆண்டுக்குக் கோடியைக் கடந்தோர். வீடுகள் விடுதிகளாகின்றன, பலசரக்குக் கடைகள் முகமூடிக் கடைகளாகின்றன, வாடகை ஏறுகின்றது, வாலிபர் பெருநிலம் செல்கின்றனர். பெருங்கப்பல்கள் நகரின் நடுவே செல்வது 2021ஆம் ஆண்டிலே தடுக்கப்பட்டது. ஒருநாட் பயணிகளுக்குச் சில நாட்களில் 5 யூரோ நுழைவுப்பணம் 2024ஆம் ஆண்டு ஏப்பிரலிலே விதிக்கப்பட்டது. இவை போதுமோ என்று அவ்வூரார் ஐயுறுகின்றனர்.

நாமும் ஒருநாட் பயணிகளே. நோயைச் சொல்லும் நாமும் நோயின் ஒரு கூறு என்பதை மறைப்பது நேர்மையன்று.

மாலையிலே படகு திரும்பியது. புகைவண்டி நிலையத்தில் அம்மையாரிடம் விடைபெற முற்பட்டோம். அவரோ நம்மோடு அதே வண்டியில் ஏறினார். அவர் பிறந்த வீடு இன்று விடுதியாம். அவர் குடியிருப்பது பாலத்துக்கு அப்பால் பெருநிலத்திலாம். நாடோறும் காலையிலே வந்து, தம் ஊரைப் பிறருக்குக் காட்டி, மாலையிலே பயணிகளைப் போலத் தாமும் வெளியேறுகின்றார். அப்பொழுதுதான் அந்த மாணிக்கத்தின் கதை நமக்கு முழுப்பொருளும் தந்தது. முன்னோர் விட்டுச்சென்ற பொருளை நகரொன்றின் விலை தரினும் விற்கேன் என்றான் நம் நாட்டு வேந்தன் ஒருவன். இங்கே நகரமே சிறுகச் சிறுக விலைப்படுகின்றது. வாங்குவோரையும் விற்போரையும் வைவதாற் பயனில்லை. வாழ வழியின்றி எவரும் ஊரைக் காத்திருக்க முடியாது.

அன்பர்களே, போரினாலும் புலம்பெயர்வினாலும் நம் தீவகத்து ஊர்களிலும் பூட்டிய வீடுகள் பல நிற்பதை நாம் அறிவோம். திருவிழாவுக்கு வந்து போவோர் பலர். கோயிற் கிணற்றைத் தூர்வாரி வைத்திருப்போர் சிலர். கல்லும் கோபுரமும் ஊரல்ல. அதிலே விளக்கேற்றி வாழும் மக்களே ஊர். தொர்ச்செல்லோவின் புல்வெளி அதனைச் சொல்லும். அழியும் நிலையிலிருந்த கலையொன்றை ஒரு மூதாட்டியிடமிருந்து இளையோர் கேட்டுக் கற்றமையால் அது மேலும் நூறாண்டு நிலைத்தது. புரானோ அதனைச் சொல்லும். நம் சங்கத்திலே முதியோரும் உளர், இளையோரும் உளர். கேட்கவேண்டியவர் இன்றே கேட்பாராக. சொல்லவேண்டியவர் இன்றே சொல்வாராக.